வார்னிஷ் தொட்டியும் 'பிரிங் அபவுட்' பாடமும்

வார்னிஷ் தொட்டியை அந்த இடத்தை விட்டு நகர்த்தியது யார்?

நான்கு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதில் தெரியவில்லை. பதில் தெரியாத ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்ன சொல்லிவிட முடியும் என்று தயங்கினேன். ஆனால் நம் பயிற்சி மையத்தின் ஒருங்கிணைப்பாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். 'வேலையை விட்டுப் போனவங்க ஒவ்வொருத்தரும் புதுசா வர்றவங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, குரூப்ல போடலாம்' என்றார். அவர் எதிர்பார்ப்பது பாடம் நடத்தும் குறிப்புகளாக இருக்கலாம். என்னிடம் இருப்பது இதுதான். மகள் யாழினி மதியம் தூங்கும் ஒன்றரை மணி நேரத்தில் எழுதுகிறேன். நடுவில் அறுந்தால் அவள் எழுந்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருடம் நான் இந்த வேலையில் இருந்தேன். மில், பவுண்டரி, பம்ப் கம்பெனி என்று எங்கெல்லாம் 'எங்க ஆளுங்களுக்கு இங்கிலீஷ் பேசக் கத்துக்குடுங்க' என்று கேட்டார்களோ அங்கெல்லாம் போனேன். யாழினி பிறந்த பிறகு விட்டுவிட்டேன். கேட்பவர்களிடம் குழந்தைக்காக விட்டேன் என்று சொல்கிறேன். அது பொய்யில்லை. முழுதும் உண்மையா என்பதும் தெரியவில்லை.

கடைசியாக நான் எடுத்த வகுப்பு மதுக்கரை போகும் வழியில் இருக்கும் ஒரு பம்ப் கம்பெனியில். மோட்டாருக்குள் செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகக் கையால் கோத்துக் கட்டும் வைண்டிங் பிரிவில் பதினொரு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவரைச் சூப்பர்வைசர் ஆக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்திருந்தது. வெளிநாட்டிலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்களிடம் நாலு வார்த்தை பேசத் தெரிய வேண்டும் என்பதால் எல்லோருக்கும் இருபது வகுப்பு. மாலை ஷிப்ட் முடிந்ததும் கேன்டீனில் உட்காருவார்கள். எனக்கு அப்போது ஆறாவது மாதம்.

அந்தப் பதினொருவரில் இருவரைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். ஒருவர் கலாமணி அக்கா. நாற்பதை நெருங்கியவர், மதுக்கரையிலிருந்து வருகிறவர், பிரிவில் எல்லோரையும் விட மூத்தவர். இன்னொருவர் ஜமீலா. என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவர், உக்கடம் பக்கம் வீடு. இருவரும் எட்டு வருடம் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். கலாமணி அக்காவின் தூக்குப்போசியில் வருவதில் பாதி ஜமீலாவின் டப்பாவுக்குப் போகும். ஜமீலாவின் டப்பாவில் இருப்பதில் பாதி இந்தப் பக்கம் வரும். யார் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள் என்று வீட்டுக்காரர்களுக்கே தெரியாது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள்.

பன்னிரண்டாவது வகுப்பு 'பிரிங் அபவுட்', அதாவது ஒன்றை நடக்கவைப்பது; நடந்து முடிந்ததற்கு 'பிராட் அபவுட்.' நேர்முகத் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி அதில்தான் இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உங்கள் பிரிவில் நீங்கள் என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தீர்கள்? நான் போர்டில் எழுதி விளக்கினேன். இது தானாக நடப்பதைச் சொல்லும் சொல் அல்ல. நடந்ததற்குப் பின்னால் ஒரு காரணம் நிற்க வேண்டும். டீ கொண்டு வருவதற்கு இதைச் சொல்ல முடியாது. மாற்றம், முடிவு, சமாதானம், வீழ்ச்சி இப்படிப்பட்டவற்றைத்தான் 'பிரிங் அபவுட்' செய்ய முடியும். நல்லதற்கும் வரும், கெட்டதற்கும் வரும். பெரும்பாலும் ஒரே நாளில் நடந்துவிடாதவற்றுக்கு வரும்.

பின்வரிசையிலிருந்து ஒருவர் கையைத் தூக்கினார். "ஏனுங்க மிஸ், எங்கூட்டுக்காரரு குடிய உட்டுட்டாருங்க. அதுக்குப் போடலாமுங்களா?"

"தாராளமா. யாரு விட வெச்சாங்க? நீங்களா?"

"நானெங்கீங்க. நானுந்தான் பதினஞ்சு வருசம் கத்துனேன். டாக்டரு லிவரு போயிருச்சுன்னாரு, மக்காநாளே உட்டுட்டாரு."

"அப்ப லிவர் பிராட் அபவுட்டுன்னு எழுதிக்க அம்மணி" என்றார் கலாமணி அக்கா. கேன்டீன் முழுதும் சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த வாக்கியம் சரியானதுதான். மனிதர்தான் மாற்றத்தைக் கொண்டுவர வேண்டும் என்று ஆங்கிலத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. நோய் கொண்டுவரலாம், மழை கொண்டுவரலாம், ஒரு சண்டை கொண்டுவரலாம். அன்று அதை நானே சொல்லிக் கொடுத்துவிட்டு அரை மணி நேரத்தில் மறந்தேன்.

ஆளுக்கொரு வாக்கியம் எழுதச் சொன்னேன். கலாமணி அக்கா இப்படி எழுதியிருந்தார்: வார்னிஷ் தொட்டி நகர்த்தப்பட்டது.

"அக்கா, இதுல ஆளைக் காணோமே? யாரு நகர்த்துனது?"

"அது ஆயிப்போச்சுங்க மிஸ்."

"தானா எப்படி ஆகும்?"

அப்போதுதான் கதை வெளியே வந்தது. சுற்றி முடித்த மோட்டாரை முக்கியெடுக்கும் வார்னிஷ் தொட்டி முன்பெல்லாம் இவர்கள் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. நாள் முழுக்க அந்த நெடி. தலைவலி, குமட்டல். சொன்னால் 'பழகிரும்' என்பார்களாம். ஜமீலா ஒரு நாற்பது பக்க நோட்டில் எல்லோர் பெயரையும் எழுதி, யாருக்கு எந்த நாள் தலை வலிக்கிறதோ அன்றைக்கு ஒரு டிக் போட்டு வந்தார். மூன்று மாதம் போட்டார். யாரிடமும் எதற்கென்று சொல்லவில்லை. பிறகு அந்த நோட்டைக் கலாமணி அக்கா எடுத்துக்கொண்டு போய்ப் பெரிய முதலாளியின் மேசையில் வைத்தார். மறுவாரம் தொட்டி பின்கட்டு ஷெட்டுக்குப் போனது, நோட்டு ஜமீலாவிடமே திரும்பி வந்தது.

"அப்ப நீங்கதானே கொண்டுவந்தீங்க? 'நான்'னு எழுதுங்க."

"எல்லாருஞ் சேந்துதானுங்க. நான் நான்னு சொன்னா நல்லாருக்குமுங்களா?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை. நம் பக்கத்து ஆட்கள் செய்ததைச் செய்தேன் என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். 'ஆயிருச்சுங்க' என்பார்கள், 'ஏதோ நடந்துச்சுங்க' என்பார்கள். நானும் தாராபுரத்துக்காரிதான். பள்ளியில் பரிசு வாங்கி வந்த நாளில்கூட 'குடுத்தாங்க' என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். அந்தக் கூச்சத்தை உடைப்பதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். நம் பயிற்சிக் கையேட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அது தன்னம்பிக்கை இல்லாததன் அடையாளம் என்று ஒரு வரியே உண்டு. கலாமணி அக்காவிடம் இருந்தது கூச்சம் மட்டும்தானா, கணக்காக யோசித்துச் சொன்ன உண்மையா என்று நான் பார்க்கவில்லை.

ஜமீலா மெதுவாகக் கேட்டார்: "மிஸ், நோட்டு பிராட் அபவுட்டுன்னு சொல்லலாங்களா?"

நான் சொன்னேன்: "கிராமர் கரெக்ட்தான். ஆனா நோட்டுக்கு யாரும் சூப்பர்வைசர் வேலை குடுக்க மாட்டாங்களே!"

எல்லோரும் சிரித்தார்கள். ஜமீலாவும் சிரித்தார். நான் கலாமணி அக்காவின் வாக்கியத்தைச் சிவப்பு மையில் அடித்து, 'நான்' என்று தொடங்கி எழுதிக் கொடுத்தேன். வார்னிஷ் தொட்டியை மாற்றும் மாற்றத்தை நான் கொண்டுவந்தேன். அவர் அதை வாய்க்குள் நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இருபதாவது நாள் எல்லோரும் பேசிக் காட்ட வேண்டும். பர்சனல் மேனேஜர் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் புதிதாக வந்தவர், தொட்டி பழைய இடத்தில் இருந்ததை அவர் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் யார் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடுவார் என்று பேச்சு. ஜமீலாவின் முறை முதலில் வந்தது. வேலை நேரத்தைப் பற்றி நாலு வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். நோட்டைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நான்தான் அது உதவாது என்று சொல்லியிருந்தேனே.

பிறகு கலாமணி அக்கா எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் எழுதிக் கொடுத்த வாக்கியத்தை ஒரு பிசகில்லாமல் சொன்னார்.

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்தத் தலைவலி நோட்டு ஒண்ணு இருந்துச்சாமே, முதலாளி சொன்னாரு. அது உங்க வேலையா?"

கலாமணி அக்கா வாயைத் திறந்தார். "சார், அதுங்க..." என்றார். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்று நொடி இருக்கும். ஜமீலா மூன்றாவது வரிசையில் இருந்தார். நான் அவரைப் பார்க்காமல் இருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என் மனதில் என்ன ஓடியது என்றும் நினைவிருக்கிறது. இங்கே தமிழில் விளக்கம் தொடங்கினால் வாக்கியம் குலைந்துவிடும். ஒருவராவது தேறினால்தான் அடுத்த வருடமும் இந்தக் கம்பெனி நம்மைக் கூப்பிடும். முதுகு வலிக்கிறது, சீக்கிரம் முடிந்தால் தேவலை. இதில் ஒன்றுகூட அந்த இரண்டு பெண்களைப் பற்றியது இல்லை.

நான் தலையை ஆட்டினேன். "எக்ஸலண்ட் அக்கா" என்றேன். கை தட்டவும் ஆரம்பித்தேன்.

எல்லோரும் தட்டினார்கள். திரும்பிப் பார்த்தபோது ஜமீலாவும் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்.

கலாமணி அக்கா சூப்பர்வைசர் ஆனார்.

மூன்று மாதம் கழித்துக் கருத்துப் படிவம் வாங்க அதே கம்பெனிக்குப் போனேன். எனக்கு நாள் நெருங்கியிருந்தது. கேன்டீனில் கலாமணி அக்கா தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தூக்குப்போசியில் பாதி அப்படியே இருந்தது.

"உக்காருங்க கண்ணு. இந்த மாசத்துல ஏன் இப்படி பஸ்ல அலையறீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். அதுவரை என்னை மிஸ் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்.

ஜமீலா எங்கே என்று கேட்டேன்.

"வேலைய உட்டு நின்னு ஒரு மாசம் ஆச்சுங்க. ஒரு வார்த்த சண்ட போடல. நான் பேசுன அடுத்த நாளே டப்பாவ எடுத்துட்டு அக்கட்டால மேசைக்குப் போயிட்டா, அவ்வளவுதான். வைதிருந்தாக்கூடத் தேவலைங்க." கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தார். "நான் மேனேஜர்கிட்டப் போயிச் சொல்லிப்போட்டனுங்க மிஸ். நோட்டு அவ போட்டதுங்கன்னு. 'பரவால்லீங்க, எடுத்துட்டு வந்து பேசுனது நீங்கதான, அதுதான் லீடர்ஷிப்பு'ங்கறாரு. நானென்ன சொல்றதுங்க?"

பிறகு சாதாரணமாக ஒன்றைச் சொன்னார்: "நீங்க அன்னைக்கு ஆமான்னு தலையாட்டுனீங்களா, சரி, இங்கிலீசுல அப்படித்தான் சொல்லோணுமாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்."

என்னைக் குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது. நாம் 'கரெக்ட்' என்று சொன்னால் அவர்கள் வாக்கியத்தை மட்டும் சரி என்று எடுத்துக்கொள்வதில்லை. செய்ததையும் சேர்த்துச் சரி என்று எடுத்துக்கொள்கிறார்கள். கையேட்டில் இதற்கு ஒரு வரி கிடையாது. உங்களுக்குச் சொல்ல என்னிடம் உறுதியாக ஏதாவது இருக்கிறது என்றால் இது ஒன்றுதான்: சிவப்பு மையை எடுப்பதற்கு முன் வகுப்பில் இருக்கும் மற்ற முகங்களையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுங்கள்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் கலாமணி அக்கா போன் செய்தார். கம்பெனி ஆண்டு விழாவில் வெளிநாட்டு ஆட்கள் முன்னால் அவர் ஆங்கிலத்தில் நாலு நிமிடம் பேச வேண்டுமாம். தொட்டியை மாற்றியதிலிருந்துதான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

"நீங்களே எழுதிக் குடுங்க மிஸ். அந்த வார்த்தையே போட்டுக்கங்க. ஆனா இந்த வாட்டி ஆளு யாருன்னு நீங்க முடிவு பண்ணுங்க. எனக்கு அந்த வெசனம் தாங்கல."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். சரி என்றேன். எனக்கு மறுத்துப் பழக்கமில்லை. ஜமீலாவின் பெயரைப் போடுவதென்றால் அவரைக் கேட்க வேண்டுமே என்று, யாழினியைக் கூட்டிக்கொண்டு ஒரு காலைப்பொழுதில் உக்கடம் போனேன். ஜமீலா இப்போது அண்ணனின் மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை செய்கிறார். கடையில் அவர் ஒருவர்தான் பெண். மடியில் பழைய மோட்டாரை வைத்துக் கருகிய கம்பியை உருவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மிஸ். அன்னைக்கு வயித்துல இருந்த புள்ளையா இது? இந்தா தங்கம், பிஸ்கட் எடுத்துக்க."

விஷயத்தைச் சொன்னேன். நான் எப்படித் தொடங்கினேன், எத்தனை தரம் தடுமாறினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டே எழுந்து, மேசை இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். பின்பக்கங்களில் கடைக்கு வந்த மோட்டார்களின் விவரம். முன்பக்கங்களில் பதினொரு பெயர், வரிசை வரிசையாக டிக். கலாமணி என்ற பெயருக்கு எதிரேதான் டிக் அதிகம்.

"அக்காவுக்குத்தான் ரொம்ப. வாந்தி எடுத்துட்டு வந்து மறுபடி உக்காந்து சுத்துவாங்க. அவங்களப் பாத்துதான் நோட்டே போட்டேன்." பக்கத்தைத் திருப்பினார். "ஆனா எடுத்துட்டுப் போக எனக்குத் தைரியம் இல்ல மிஸ். நான் போயிருந்தா நோட்டோட சேத்து வெளிய அனுப்பிருப்பாங்க. அக்கா போனாங்க. அது சின்ன விஷயம் இல்ல."

"அப்ப, நீங்க வேலைய விட்டது..."

"அதுக்காக இல்ல. அண்ணன் கூப்பிட்டாரு." கம்பியை உருவினார். அடுத்த கம்பியைப் பிடித்தபடி, "அதுக்காகவுந்தான்" என்றார்.

"உங்க பேரப் போட்டு எழுதட்டுமா ஜமீலா?"

அவர் கோபப்படவில்லை. யாழினியின் கன்னத்தில் ஒட்டியிருந்த பிஸ்கட் தூளைத் துடைத்துவிட்டுக்கொண்டே சொன்னார்: "வேண்டாங்க மிஸ். அன்னைக்குச் சொல்லிருந்தா அது எனக்காக. இன்னைக்குச் சொன்னா அது உங்களுக்காக."

கிளம்பும்போது, "அக்கா இப்ப மத்தியானம் யாரோட சாப்பிடறாங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். தெரிந்துகொண்டு போயிருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் யாழினி டம்ளரைத் தட்டிவிட்டு, "தண்ணி கொட்டிருச்சு" என்றாள். 'நான் கொட்டிட்டேன்னு சொல்லு' என்று வாய் வரைக்கும் வந்தது. தினமும் சொல்வதுதான். அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது சரியா என்று அதற்கும் சாயங்காலம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். டம்ளர் மேசை ஓரத்தில் இருந்தது. அதை அங்கே வைத்தது நான்.

பேச்சு முழுதும் எழுதியாகிவிட்டது. முதல் வாக்கியத்தின் முதல் சொல்லை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் கலாமணி அக்கா இன்னொரு முறை அந்த மூன்று நொடியில் நிற்க வேண்டும். 'நாங்கள்' என்று எழுதினால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், ஆனால் ஆபத்தை ஏற்றது ஒருவர், அதற்கு முன் மூன்று மாதம் பொறுமையாகக் குறித்தது ஒருவர் என்பது அதில் காணாமல் போகும். 'ஜமீலா' என்று எழுத அவரே அனுமதிக்கவில்லை. 'ஒரு நோட்டு' என்று எழுதலாம். அது அவருடைய வாக்கியம். நான் கேலி செய்து எல்லோரையும் சிரிக்க வைத்த வாக்கியம். விழாவில் அதைக் கேட்டால் கலாமணி அக்காவுக்குப் புரியும், என்றாவது ஜமீலாவின் காதுக்குப் போனால் அவருக்கும் புரியும். ஆனால் கேட்காமல் எடுத்துக்கொண்டால் அவரிடமிருந்து இரண்டாவது முறையும் எடுத்ததாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. மறுபடி உக்கடம் போய்க் கேட்கலாம். அதுவும் உங்களுக்காகத்தான் என்று அவர் சொல்லலாம்.

சனிக்கிழமை கலாமணி அக்காவுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். இன்னும் எல்லா வாக்கியத்தையும் 'நான்' என்று தொடங்கும் பழக்கம் உங்களுக்கு வந்திருக்காது. அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். அந்தக் காலி இடத்தில் நீங்களாக இருந்தால் யாரை எழுதுவீர்கள்? ஒரு வரி போதும். குரூப்பில் போடத் தயக்கமாக இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள். யாழினி எழுந்துவிட்டாள்.